முகத்துக்கு எத்தனை போல்?

சூலூர்க்காரர் ஒருவர் மோட்டார் வாங்க வந்தால் அரை நாள் போய்விடும். எத்தனை எச்.பி., காயில் செம்பா அலுமினியமா, எத்தனை அடி தூக்கும் என்று நோண்டி நோண்டிக் கேட்டுவிட்டு, "வூட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றனுங்க" என்று கிளம்பிவிடுவார். திருச்சி ரோட்டில் மோட்டார் கடை வைத்திருக்கும் எனக்கு அதில் வருத்தமில்லை. அதே ஆள் தன் முகத்தை ஒரு மிஷினுக்குக் கொடுக்கும்போது மட்டும் கேட்பது ஒரே கேள்வி: "எவ்வளவுங்க?"

பையனுக்கு வைகாசியில் கல்யாணம். பத்திரிகை அடிக்கும் முன்பே, தாடையோரம் தொங்கும் சதையை இறுக்கியாக வேண்டும் என்று வீட்டுக்காரி முடிவு கட்டிவிட்டாள். "போட்டோல உங்கக்கா மட்டும் இளசாத் தெரியோணுங்களா?" இதற்குப் பதில் சொல்லும் கணவன் கொங்கு நாட்டில் இன்னும் பிறக்கவில்லை.

ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு கிளினிக். வரவேற்பில் இருந்த பெண் வழவழப்பான அட்டை ஒன்றை நீட்டினாள். எல்லாமே ரேடியோ அலையால் தோலைச் சூடாக்கி இறுக்கும் ஆர்.எஃப். மிஷின் வகைகள்: மோனோபோலார், பைபோலார், மல்டிபோலார், நீடில் ஆர்.எஃப். வீட்டுக்காரி மிரண்டாள். எனக்கோ தெம்பு வந்துவிட்டது. டூ போல் 2880, ஃபோர் போல் 1440 என்று நாள் முழுக்கச் சுற்றுக் கணக்கு சொல்லி விற்கிறவனிடமா போல் கணக்கு?

"ஏன் அம்மிணி, இதுல எர்த் எங்க?"

அந்தப் புள்ளை எழுந்து போய் டாக்டரையே கூட்டி வந்துவிட்டது.

டாக்டரம்மா தோல் மருத்துவத்தில் எம்.டி. என் கேள்விக்கு முகம் சுளிக்கவில்லை. மோனோபோலாரில் ஒரு முனைதான் முகத்தில். முதுகில் ஒட்டுகிற பட்டை வழியாகக் கரண்ட் திரும்பும். அதனால் சூடு ஆழம் வரை இறங்கும். பைபோலாரில் இரண்டு முனையும் கைப்பிடியிலேயே இருக்கும். அவற்றின் இடைவெளியில் ஏறக்குறைய பாதி ஆழம்தான் சூடு போகும். மல்டிபோலார் என்றால் முனைகள் அதிகம், அதற்காக ஆழம் கூடிவிடாது. "எங்க மோட்டார்லயும் போல் கூடினா வேகம் கொறையுமுங்க" என்றேன். சிரித்தார்.

நீடில் ஆர்.எஃப். நுண் ஊசிகளைக் குத்தி உள்தோலுக்கே சூட்டைக் கொடுப்பது. பருத் தழும்புக்குக் கேட்கும். ஆனால் தீக்காயம், தழும்பு, நரம்புக் கோளாறு என்று புகார்கள் வந்ததால் 2025 அக்டோபரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. எச்சரித்திருக்கிறது. அட்டையில் அந்த வரிக்கு இடமில்லை போலும்.

சூத்திரம் எனக்குப் பழகினதுதான். தோல் கரண்டைத் தடுக்கும், தடுக்கிற இடம் சுடும். 60, 65 டிகிரியில் கொலாஜன் நார் சுருங்கும். மேல்தோல் அத்தனை சூடு தாங்காது என்பதால் அதைக் குளிர வைத்துக்கொண்டே உள்ளே காய்ச்ச வேண்டும். தவறினால், எங்கள் தொழிலில் அதற்குக் காயில் போச்சு என்று பேர்.

"ரேடியோ அலைன்னா ரேடியேஷனுங்களா?" வீட்டுக்காரிக்குச் சந்தேகம். எக்ஸ்ரே மாதிரி இல்லை, வெறும் சூடுதான் என்றார் டாக்டரம்மா. சூலூர் ஏர்ஃபோர்ஸ் ரேடாருக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, தேஜஸ் விமானச் சத்தத்தில் இட்லி ஊற்றுகிறவளுக்கு இந்தப் பயம்! 1926-லேயே பாஸ்டனில் ஹார்வி குஷிங் என்ற மூளை சர்ஜன், போவி என்பவர் செய்த கருவியை வைத்து இந்த வகைக் கரண்டால் ரத்தக்கசிவை அடைத்தார். முகத்துக்கு வந்தது பிற்பாடு. கண்ணோரச் சுருக்கத்தைக் குறைக்க, தெர்மாஜ் என்ற மோனோபோலார் மிஷினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2002-ல். அது ஓடுவது 6.78 மெகாஹெர்ட்ஸில். பழைய ரேடியோவில் 49 மீட்டருக்கும் 41 மீட்டருக்கும் நடுவே முள் நிற்கிற இடம் அது. எங்கப்பா அங்கே திருப்பினால் கொரகொரவென்று இரைச்சல்தான் வரும்.

ஒரு விஷயம் பிடித்திருந்தது. லேசர் தோலின் நிறத்தைப் பார்க்கும், ஆர்.எஃப். பார்க்காது. பெண் பார்க்க வருகிற சிலரைவிட நாகரிகமான மிஷின்.

பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ஆகாது. கழுத்தில் மடிப்பு மடிப்பாகத் தொங்கினால் ஆபரேஷன்தான், எந்த ஆர்.எஃப்.பும் ஏற்றிக் கட்டாது. கன்னம் ஒட்டின முகத்தில் ஆழச் சூடு வைத்தால் இருக்கிற கொழுப்பும் கரைந்து இன்னும் கிழடு தட்டும். இதைச் சொல்லும்போது டாக்டரம்மா ஏன் என்னைப் பார்த்தார் என்று தெரியவில்லை.

வீட்டுக்காரிக்குக் கன்னத்தில் சதை உண்டு, தொங்கல் கொஞ்சம்தான். மோனோபோலார் பொருந்தும் என்றார். "ஆனா புதுக் கொலாஜன் ஊறி முழுப்பலன் தெரிய மூணுலிருந்து ஆறு மாசம் ஆகும்மா."

வைகாசிக்கு இருந்தது ஒரு மாதம். வீட்டுக்காரி விரல் விட்டு எண்ணினாள்.

"அப்ப மருமக வளைகாப்புக்கு ஆயிருமுங்களா?"

டாக்டரம்மா பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே வரவேற்புப் பெண், "ஆடி ஆஃபர் வருது ஆன்ட்டி, அப்ப வாங்க" என்று காதைக் கடித்தாள். சரியென்று எழுந்தோம். கதவு வரை போன வீட்டுக்காரி திரும்பி நின்றாள்.

"ஏனுங் கண்ணு, அந்த எர்த் பட்டை ரேட்டுல சேர்த்தியா, தனிக் காசுங்களா?"