ஆறு செய்த ஆக்கிரமிப்பு

அடையாற்றின் மேல் இன்னும் ஏன் வழக்குப் போடவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பட்டா கிடையாது, சி.எம்.டி.ஏ. அனுமதி கிடையாது, சொத்துவரி கட்டியதே இல்லை. ஆனால் மழைக்காலம் வந்தால் நடுராத்திரியில் வரதராஜபுரம் ராயப்பா நகர் வீடுகளுக்குள் கேட்காமல் கொள்ளாமல் புகுந்துவிடுகிறது.

முடிச்சூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஐப்பசி பிறந்தால் தீபாவளிக்கு முன்னால் பிரிட்ஜ்தான் ஞாபகம் வரும். நாலு செங்கல் அடுக்கி அதன்மேல் பிரிட்ஜ். கட்டில்மேல் இன்வர்ட்டர் பேட்டரி. வீட்டுப் பத்திரமும் பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்டும் பாலிதீன் பையில் முடிச்சுப் போட்டு மாடி வீட்டுக்காரரிடம். கார் வைத்திருப்பவர்கள் மேடு தேடிப் போவார்கள். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசைகட்டி நின்ற கார்களைப் பார்த்தபோதுதான், அரசாங்கம் எதற்காக இத்தனை மேம்பாலம் கட்டுகிறது என்பது எனக்கு உறைத்தது.

மழை வந்தால் டிவிக்காரர்கள் செம்பரம்பாக்கம் மதகைக் காட்டிக்கொண்டே இருப்பார்கள். 2015 டிசம்பரில் அங்கிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டது உண்மை. அந்த வெள்ளம் மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று மத்தியத் தணிக்கைத் துறையே எழுதிவைத்ததும் உண்மை. ஆனால் அந்தத் தண்ணீர் ஆற்றில் வந்து சேருவது திருநீர்மலைப் பக்கம், அதாவது முடிச்சூரைத் தாண்டி. முடிச்சூரை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் என மேலே இருக்கிற ஏரிகளின் உபரிநீரும், தாம்பரத்தில் ஒரே நாளில் கொட்டிய 49 சென்டிமீட்டர் மழையும். ஏரிக்குக் கலங்கல் உண்டு. கலங்கலில் வழிவது ஓட வாய்க்காலும் இருந்தது. வாய்க்கால் போன இடங்களில் இப்போது மனை போட்டு, ‘நிலத்தடி நீர் தாராளம்’ என்று நோட்டீஸ் அடித்து விற்றிருக்கிறார்கள். அந்த ஒரு வாக்குறுதியில் மட்டும் பொய்யே இல்லை.

சாலை விஷயத்துக்கு வருவோம். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை இங்கே மேட்டில் போகிறது, குடியிருப்பு பள்ளத்தில் கிடக்கிறது. தண்ணீர் மேட்டில் ஏறாது என்ற பாடம் சாலை போட்டவர்கள் படித்த பொறியியல் சிலபஸில் இல்லைபோல. பல்லாவரத்தில் பெரிய ஏரியை நடுவில் கிழித்துக்கொண்டு துரைப்பாக்கத்துக்கு ரேடியல் சாலை. அதற்குப் பெயர் வளர்ச்சி. ஏரி ஓரத்தில் ஒருவன் ஓலைக்குடிசை போட்டால் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு.

தண்ணீரில் மாட்டிக்கொண்டவர் உதவி கேட்பதற்கு முன் தான் எந்த மாவட்டத்தில் மூழ்குகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். முடிச்சூர் என்றால் செங்கல்பட்டு. வரதராஜபுரம் என்றால் காஞ்சிபுரம். சற்றே கிழக்கே மிதந்துபோனால் 2021-ல் பிறந்த தாம்பரம் மாநகராட்சி. கணுக்கால் அளவு தண்ணீர் என்றால் ஊராட்சி பார்க்கும், இடுப்பளவு என்றால் நீர்வளத் துறையும் நெடுஞ்சாலைத் துறையும் ஒன்றையொன்று பார்க்கும், கழுத்தளவு வந்தால்தான் அமைச்சர் வருவார், வேட்டி நனையாமல், படகில்.

ஆனாலும் குற்றவாளிகளை அரசு கண்டுபிடிக்காமல் இல்லை. 2025 மே மாதம் அனகாபுத்தூரில் ஆற்றோரக் குடியிருப்புகளுக்குள் பொக்லைன் வந்தது. ஆற்றை மறித்த மாபெரும் சதிகாரர்கள் யார் தெரியுமா? கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள். அந்த முகவரிக்குத்தான் ரேஷன் கார்டு கொடுத்தார்கள், கரண்ட் கனெக்‌ஷன் கொடுத்தார்கள், தேர்தலுக்குத் தேர்தல் அந்த வாசலில் வந்துதான் கும்பிட்டார்கள். அப்போதெல்லாம் அது ஆறு என்று யாருக்கும் தெரியவில்லை. இடிபட்டவர்களில் பலரைப் பெரும்பாக்கத்துக்கும் கீரப்பாக்கத்துக்கும் போகச் சொன்னார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி, மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் தாழ்வில். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறார்களாம்.

அனகாபுத்தூரைத் தாண்டினால் மீனம்பாக்கம். அங்கே விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதையை அடையாற்றின் மேலேயே பாலம் கட்டி நீட்டியிருக்கிறார்கள். 2015-ல் ஆறு அங்கேயும் ஏறி, விமான நிலையத்தையே சில நாள் இழுத்து மூட வைத்தது. அந்தச் சுற்றுச்சுவரில் வருவாய்த் துறை ஆக்கிரமிப்பு நோட்டீஸ் ஒட்டியதாக நான் கேள்விப்படவில்லை. ஒட்டுவதாக இருந்தால் சொல்லுங்கள், பசை என் செலவு.