கேஸ் மறைத்த கணையம்

கேள்வி: 'குடலில் கேஸ் இருப்பதால் கணையம் தெரியவில்லை' என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறார்கள். எனக்குக் கணையம் இருக்கிறதா, இல்லையா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: இருக்கிறது. நீங்கள் நேற்று சாப்பிட்ட ஜாங்கிரியோடு மல்லுக்கட்டியதே அதுதான். ஆனால் அது இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி ஒளிந்திருக்கும் உறுப்பு. அல்ட்ராசவுண்ட் அலைக்குக் காற்று ஆகாது; பட்ட இடத்திலேயே திரும்பிவிடும். கருவிக்கும் தோலுக்கும் நடுவே காற்று புகக் கூடாதென்றுதான் வயிற்றில் அந்த ஜில்லென்ற ஜெல்லைப் பூசுகிறார்கள். குடலுக்குள் யார் போய்ப் பூசுவது? எனவே மருத்துவர்கள் வழியை மாற்றினார்கள். எண்டோஸ்கோப்பிக் குழாயின் நுனியிலேயே சின்ன அல்ட்ராசவுண்ட் கருவியைப் பொருத்தி, வாய் வழியாக இரைப்பைக்குள் இறக்கினார்கள். 1980 வாக்கில் தொடங்கிய இந்த முறைக்கு இ.யூ.எஸ். என்று பெயர். அதற்காக இந்த ஒரு வரியைப் படித்துவிட்டுக் குழாய்க்கு ஓடாதீர்கள். தொந்தரவு எதுவும் இல்லையென்றால் உங்கள் டாக்டர் இன்னொரு சாதா ஸ்கேனோடு விட்டுவிடக்கூடும்.

கேள்வி: போன மாதம்தான் எண்டோஸ்கோப்பி பார்த்தார்கள். இப்போது இ.யூ.எஸ். வேண்டுமாம். பில்லை ஏற்றவா? (மதுரை வாசகி)

பதில்: சந்தேகம் நியாயமானது, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எண்டோஸ்கோப்பி, சுவரின் பெயின்ட்டை மட்டும் பார்க்கும். இ.யூ.எஸ். அதற்குள் இருக்கும் செங்கல்லையும், அடுத்த வீட்டையும் சேர்த்துப் பார்க்கும். இரைப்பைச் சுவர் அதில் ஐந்து அடுக்காகத் தெரியும். கட்டி எந்த அடுக்கில் முளைத்தது என்று சொல்லலாம். பித்தநாளத்தில் சிக்கி, சாதா ஸ்கேனுக்கு டிமிக்கி கொடுக்கும் பொடிக் கற்களும் அகப்படும். கணையக் கட்டியில் ஊசி செலுத்திச் சதை எடுக்கவும் முடியும்.

கேள்வி: ஸ்கேன் என்றாலே கர்ப்பிணிகளுக்குத்தானே கண்டுபிடித்தார்கள்? (ஈரோடு வாசகர்)

பதில்: கர்ப்பிணிகளுக்கு முன்பே குடல் வரிசையில் நின்றுவிட்டது. ஜான் வைல்ட் என்ற இங்கிலாந்து அறுவை மருத்துவர், இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அடிபட்டு வயிறு உப்பி வந்தவர்களைப் பார்த்தவர். குடல் அடைத்திருக்கிறதா, வெறுமனே செயலிழந்து கிடக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாத தவிப்பு அவருக்கு. போருக்குப் பின் அமெரிக்காவின் மினசோட்டாவுக்குப் போனார். அங்கே கடற்படை விமானிகளுக்கு ராடார் பயிற்சி தரும் கருவி ஒன்று கிடைத்தது. 15 மெகாஹெர்ட்ஸ் அல்ட்ராசவுண்டில் இயங்குவது. 1949இல் அதைக் கொண்டு குடல் சுவரின் தடிமனை அளந்தார். புற்றுநோய்த் திசு வேறு மாதிரி எதிரொலிப்பதையும் கண்டார். ஸ்காட்லாந்தின் இயன் டொனால்ட் கருவிலிருக்கும் குழந்தையின் அல்ட்ராசவுண்ட் படத்தை வெளியிட்டது 1958இல்தான்.

கேள்வி: புராஸ்டேட்டுக்கு ஆசனவாய் வழியாக ஸ்கேன் என்றதும் அப்பா ஆஸ்பத்திரிப் பக்கமே வர மறுக்கிறார். (திருநெல்வேலி வாசகர்)

பதில்: அப்பாவிடம் ஜப்பான் கதையைச் சொல்லுங்கள். ஹிரோகி வாதனாபே என்ற மருத்துவர் இந்தப் பரிசோதனையை வளர்த்தெடுத்த காலத்தில், நடுவே ஓட்டை போட்ட நாற்காலி ஒன்றை வைத்திருந்தார். ஓட்டை வழியே கருவி மேலே நீட்டிக்கொண்டிருக்கும். நோயாளி அதன்மேல் உட்கார வேண்டும். நாற்காலிக்கு யாருமே அடித்துக்கொள்ளாத ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும். இப்போது இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் போதும். கருவி விரல் தடிமன்தான், சில நிமிட வேலை. புராஸ்டேட் மலக்குடலை ஒட்டியே இருப்பதால் அங்கிருந்து பார்ப்பதுபோல் வேறெங்கிருந்தும் அல்ட்ராசவுண்டில் தெளிவாகத் தெரியாது. ஆனால் அளவை மட்டும் அறிய வேண்டுமென்றால் வயிற்றின் மேலேயே ஸ்கேன் செய்யலாம். எதற்காகக் கேட்கிறார்கள் என்று டாக்டரிடம் விசாரியுங்கள். புற்றுநோயா என்பதைப் படம் மட்டும் சொல்லிவிடாது. அதற்குப் பயாப்ஸி வேண்டும். வழக்கமாக 10, 12 இடங்களில் ஊசியால் சதை எடுப்பார்கள். அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரென்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இ.யூ.எஸ்.ஸுக்கும் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு உட்கார வேண்டுமா? (சேலம் வாசகி)

பதில்: வேண்டாம். அந்தத் தவம் அடிவயிற்று ஸ்கேனுக்கு. இதற்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு. பால் ஊற்றிய காபியும் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும்.

கேள்வி: வீட்டில் தெரியாமல் போய் இ.யூ.எஸ். எடுத்துக்கொண்டு வந்துவிட முடியுமா? (பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்)

பதில்: முடியாது. மயக்க ஊசி போடுவார்கள். அன்று வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும். மச்சானைக் கூப்பிட்டால் மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதற்கு மனைவியிடமே சொல்லிவிடலாம்.