பல்ப்பை மாத்தினால் விடியுமோ, தம்பி?

வா தம்பி, இரு. முந்தநாள் ராத்திரி மரைன் டிரைவில உன்ர மொரிஸ் மைனர் போனதைக் கண்டனான். கண்டனான் எண்டு சொல்லுறதும் பிழை, சத்தத்தை வச்சுத்தான் பிடிச்சனான். 2020 இல வாகன இறக்குமதியை நிப்பாட்டினதோட பழங்காருக்கெல்லாம் மவுசு ஏறிப்போச்சு. நீயும் ஒண்டை வாங்கி, சீற்றுக்குத் தோல் அடிச்சு, பம்பர் மினுக்கி, புதுப் பெயின்ற்றும் அடிச்சிட்டாய். நல்ல வடிவு. பகலில.

ராத்திரியில லைற்று மங்கலெண்டு, இப்ப பஞ்சிகாவத்தைக்குப் போய் 100 வாட் பல்ப் ரெண்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறியாம். கெட்டிக்காரன்! முந்தின பல்ப்புக்கே கரண்டு வந்து சேரேல்ல, இதுக்கு மட்டும் ஓடி வருமாக்கும். ரெண்டு 100 வாட் 12 வோல்ற்றில 17 அம்பியர் கேக்கும். உன்ர டைனமோ மூச்சுப் பிடிச்சுத் தாறது 22. மிச்சம் 5 இல கொயிலும் வைப்பரும் உன்ர பாட்டுப்பெட்டியும் பங்கு பிரிக்கவேணும். காலி வீதியில சிவப்பு லைற்றில நிண்டால் டைனமோ ஒண்டும் தராது, பற்றரிதான் அழும். அதைவிட, மைனரில ஹெட்லைற்றுக்குப் பியூஸே இல்லை. முழுக் கரண்டும் கிழட்டு வயராலயும், காலால மிதிக்கிற டிம் சுவிச்சாலயும்தான் போகுது. செருப்புக்குக் கீழ சூடேறினால் குளிருக்கு நல்லதெண்டு நினையாதை. வெள்ளவத்தையில குளிரில்லை.

காசில்லாத வேலை ஒண்டு சொல்லுறன். லைற்றைப் போட்டுவிட்டு, வோல்ற் மீற்றரின்ர ஒரு முனையை ஹெட்லைற்றின்ர கறுப்பு வயரில வை. மற்றதைப் பற்றரியின்ர எர்த் முனையில வை. உன்ர காரில எர்த் எண்டது பிளஸ், அது தெரியுமெல்லோ? பூச்சியத்துக்குக் கிட்டக் காட்டவேணும். அரை வோல்ற், ஒரு வோல்ற் காட்டினால் கள்ளன் அங்கதான். லைற்றை அணைச்சுப்போட்டு அளக்காதை, கரண்டு ஓடாத வயர் எப்பவும் நல்ல பிள்ளை. வழியில ஒண்டரை வோல்ற் துலைஞ்சாலே வெளிச்சத்தில மூண்டில ஒரு பங்கு போயிடும். டிம் போடேக்க டாஷ்போர்ட்டில பிரைட்டின்ர சின்ன லைற்று மங்கலா மினுங்குதோ? அப்ப மீற்றரும் வேண்டாம். எர்த்துக்குப் போக வழியில்லாத கரண்டு மற்ற இழையாலை பின்பக்கம் நழுவுது.

ஏன் வழியில்லை? எர்த் ஆணிக்குக் கீழயும் சேர்த்தெல்லோ உன்ர பெயின்ற்காரன் பெயின்ற் அடிச்சவன்! மினுக்கினதுதான் இருட்டாக்கினது.

அந்த இடத்தைத் தகரம் தெரியச் சுரண்டு. வயர் மூட்டுகளைக் கழட்டிப் பார், உப்புக்காத்தில பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கும். நீலத்தில வெள்ளைக் கோடு பிரைட், நீலத்தில சிவப்புக் கோடு டிம். பிறகு ரெண்டு ரிலே பூட்டு. பற்றரியில இருந்து தடிச்ச வயர், பியூசுக்குள்ளால ரிலேயின்ர 30 ஆம் முனைக்கு. 87 இல இருந்து லைற்றுக்கு. பழைய சுவிச்சு ரிலேயை எழுப்பிவிடுற வேலையை மட்டும் பார்க்கட்டும். அதுக்குப் பிறகு 60/55 எச்4 பல்ப் தாராளம். எல்ஈடி எண்டு வாயைத் திறவாதை. பிளஸ் எர்த்தில அது பெரும்பாலும் ஒண்டில் பத்தாது, இல்லாட்டி எரிஞ்சுபோகும். தப்பிப் பத்தினாலும், பழைய கிண்ணத்துக்குள்ள வெளிச்சம் சிதறி, எதிர வாற பஸ்காரன் உன்ர பரம்பரையையே வாழ்த்துவான்.

உதெல்லாம் எனக்கெப்பிடித் தெரியுமெண்டு கேக்கிறியோ? தொண்ணூறுகளில, சண்டைக்காலத்தில, யாழ்ப்பாணத்தில பெற்றோலும் தடை, பற்றரியும் தடை. உதே மைனரும் ஏ-40 காரும் மண்ணெண்ணெயில ஓடினதுகள். சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். ஒரு வோல்ற் எங்க துலையுதெண்டு மூக்காலயே மணந்து பிடிப்பம்.

அந்த 100 வாட் பல்ப் ரெண்டையும் எறியாதை. கொட்டாஞ்சேனை மாமாவுக்குக் குடு, அவரும் நான் சொல்லி ஒண்டும் கேக்காத ஆள். போய் வேலையைத் தொடங்கு. அளந்து முடிஞ்சபிறகு, சுரண்டத் தொடங்க முதல் பற்றரி வயரைக் கழட்டு. கையில கிடக்கிற கலியாண மோதிரத்தையும் கழட்டு, பற்றரியில முட்டினால் விரல் வெந்துபோகும். மனுசி கேட்டால் மட்டும் நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதை.