எர்த் குழிக்கு உப்பு வேண்டாம்

பெறுநர்: தலைவர் அவர்கள், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கிண்டி, சென்னை.

பொருள்: எர்த் குழிக்கு உப்பு வாங்கும் செலவை மிச்சப்படுத்தித் தந்தமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா,

வீடு கட்டினால் எர்த் குழி தோண்ட வேண்டும். இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப்பை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, தண்ணீர் ஊற்றுவார்கள். உப்பு கரைந்தால் மண்ணின் மின்தடை குறையும். கசிகிற கரண்ட் ஆளை விட்டுவிட்டு மண்ணுக்குள் போகும்.

மற்ற ஊர்க்காரர்கள் உப்பை மூட்டையாக வாங்குகிறார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டையில் அது தோலோடு வந்து இறங்கியது. பச்சைத்தோல் அழுகாமலிருக்கத் தடவிய உப்பு, தோல் தொழிற்சாலைத் தொட்டியில் ஊறப்போட்ட முதல் தண்ணீரிலேயே கழன்று, கால்வாய், ஏரி, பாலாறு என்று பரவிற்று. 1982-ல் வாரியம் பிறந்த பிறகும் இத்திருப்பணிக்குத் தாங்கள் பெரிதாக இடைஞ்சல் செய்யவில்லை. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ கெட்டதாகக் கணக்கு இருக்கிறது. 35,000 ஹெக்டேருக்கு எர்த் போட எந்த காண்ட்ராக்டரால் முடியும்? தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் என்றது அந்தத் தீர்ப்பு. கொள்ளை மலிவு. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் அதே மண்ணைப் பற்றி மறுபடியும் தீர்ப்பெழுத வேண்டியிருந்தது. அவ்வளவு உறுதியான வேலை.

கோடையில் குழி காய்ந்துவிடக் கூடாது, தண்ணீர் விட வேண்டும். அதற்கும் கவலையில்லை. பூமி குடிக்க எங்கள் கிணறு; நாங்கள் குடிக்க மேட்டூர்ப் பக்கமிருந்து குழாயில் காவிரி.

குறை என்று சொன்னால் ஒன்றுதான். மின்தடையைக் குறைக்கிற உப்பே பைப்பின் துத்தநாகப் பூச்சையும், பிறகு இரும்பையும் தின்றுவிடுகிறது. மேலே கிளாம்பு பளபளவென்றிருக்கும், கீழே பைப் இருக்காது. எர்த் மெக்கர் வைத்து அளந்தால் தெரியும். யார் அளக்கிறார்கள்? ஈரக்கையோடு கிரைண்டரைத் தொட்ட வீட்டம்மாதான் அளக்கிறார்.

தோல் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் இப்போது தண்ணீரைச் சுண்டவைத்து உப்பைத் தனியாகப் பிரிக்கிறார்களாம். எடுத்துச்செல்ல ஆளில்லாமல் அது குவிந்துகிடக்கிறது. தயவுசெய்து அதை எர்த் குழிக்கென்று எங்களுக்கே ரேஷனில் போட்டுவிடாதீர்கள்.

கோரிக்கை: தங்கள் நிலத்தடி நீர் அறிக்கையில் டி.டி.எஸ்., குளோரைடு, குரோமியம் பத்திகளுக்கு அடுத்து, மண்ணின் மின்தடை என்று ஒரு பத்தி சேர்க்கவும். அந்த ஒன்றிலாவது எங்கள் ஊர் தேறட்டும்.

இப்படிக்கு,
பாலாற்றங்கரைப் பயனாளி