லா பாயிண்டு அண்ணன்

மைசூர் மண்டி மொஹல்லாவில் எந்த வீட்டுச் சொத்துத் தகராறும் நேராகக் கோர்ட்டுக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. முதலில் சாய்க்கடை பெஞ்சுக்கு வரும். அங்கே லா பாயிண்டு அண்ணன் இருப்பார். கருப்புக் கோட்டு கிடையாது. கக்கத்தில் ரெக்சின் பை ஒன்று உண்டு. அதற்குள் யாருடையதோ ஒரு வில்லங்கச் சான்றிதழ், பழைய பத்திரத்தின் ஜெராக்ஸ், வீட்டு வரி ரசீது. எதைக் கேட்டாலும் பையைத் திறக்கமாட்டார், தட்டிக் காட்டுவார். "எல்லாம் இதுல இருக்கு."

இப்படிப்பட்டவர்களில் இரண்டு ரகம். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவரிடம் கொஞ்ச காலம் கையாளாக இருந்தவர் ஒரு ரகம். சொந்த வழக்கை வருடக்கணக்கில் நடத்தித் தோற்றவர் இன்னொரு ரகம். தோற்றவருக்குத்தான் பேட்டையில் மவுசு. அனுபவஸ்தர் அல்லவா!

இந்த வித்தைக்கு மண்டி மொஹல்லாவைவிட வாகான இடம் அமையாது. ஒரே சந்தில் இந்து வீடு, முஸ்லிம் வீடு, நாலெட்டு தள்ளி செயின்ட் பிலோமினா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவ வீடு. மூன்று வீட்டுக்கும் வாரிசுச் சட்டம் வேறு வேறு. படித்த வக்கீலே புத்தகத்தைப் புரட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அண்ணன் சாயை ஒரு இழுப்பு இழுப்பார், தீர்ப்பு வந்துவிடும்.

அவர் சொல்வதில் பாதி சரியாகவே இருக்கும். ஆபத்தே அதில்தான். முழுசும் தப்பாக இருந்தால் யார் நம்பப் போகிறார்கள்?

காலையில் வாடகைக்காரர் வருவார். "பன்னெண்டு வருஷம் ஒரே வீட்ல இருந்துட்டீங்கன்னா வீடு உங்களுது. சட்டமே இருக்கு." வாடகைக்காரர் பன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார். சாயங்காலம் அதே பெஞ்சில் வீட்டு ஓனர். "சார், பன்னெண்டு வருஷம் ஆகறதுக்குள்ள காலி பண்ண வெச்சுடுங்க, இல்லேன்னா வீடு போச்சு." அதற்கும் ஒரு சாய். பன்னிரண்டு வருடக் கணக்கு உண்மைதான். ஆனால் அது ஓனரின் உரிமையை மறுத்து, பகிரங்கமாக, இடைவிடாமல் அனுபவித்தவருக்கு. மாதாமாதம் வாடகை கொடுத்து ஓனர் சம்மதத்தோடு இருக்கிறவருக்கு நாற்பது வருடம் ஆனாலும் பொருந்தாது. அப்புறம் என்ன, ஓனரும் வாடகைக்காரரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு திரிவார்கள்.

"பாய், கடைசிப் பையனுக்கு வீட்டைக் கொடுக்கணுமா? வாயால சொல்லிடுங்க. ஹிபா. பேப்பரே வேணாம்." இதுவும் பாதி. ஹிபா என்கிற முஸ்லிம் தானத்துக்கு வாய்ச்சொல் போதும் என்பது சரி. கொடுப்பதாகச் சொல்ல வேண்டும், பையன் ஏற்க வேண்டும், அதோடு வீட்டை அவன் கையில் ஒப்படைக்கவும் வேண்டும். மூன்றாவது நிபந்தனை வருவதற்குள் அண்ணனின் சாய் தீர்ந்துவிடும். சாட்சியில்லாத வாய்ச்சொல்லைக் கார்ப்பரேஷனில் காத்தா என்கிற வீட்டுப் பதிவைப் பெயர் மாற்றும் ஜன்னலில் நீட்ட முடியுமா என்பது பாயின் கவலை.

ஊதுவத்தி உருட்டும் அக்கா ஒருவர், விரலிடுக்கில் கரித்தூள் அப்பியபடியே வந்து நின்றார். அப்பா காலமாகிவிட்டார், வீட்டைத் தம்பிகள் விற்கப் பார்க்கிறார்களாம். "எனக்கு ஏதாச்சும் உண்டாண்ணா?"

அண்ணன் நேராக அரண்மனைக்குப் போய்விட்டார். "நம்ம மைசூர்ல 1933லயே பொம்பளைங்க சொத்துக்குச் சட்டம் வந்தாச்சு, தெரியுமாம்மா?" நிஜம்தான். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், மிர்சா இஸ்மாயில் திவானாக இருந்தபோது வந்தது. பாகப்பிரிவினையில் தாய், மணமாகாத மகள் போன்றோருக்குப் பங்கு தந்தது. பெஞ்சே நிமிர்ந்து உட்கார்ந்தது. "அப்புறம் 1994ல கர்நாடகா சட்டம். அதுக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்குக் கிடையாது. அப்புறம் 2005 செப்டம்பர் 9, டெல்லிச் சட்டம், கல்யாணம் ஆனாலும் உண்டு. அப்பா எப்பம்மா தவறினார்?"

"2003லண்ணா."

"அடடா! அந்தத் தேதில அப்பா உசுரோட இருந்திருக்கணுமே. சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு."

சொன்னது 2015ல், பிரகாஷ் - பூலாவதி வழக்கில். அதுவும் கர்நாடகத்திலிருந்தே போன வழக்கு. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை ரத்து செய்து, மகளின் உரிமை பிறப்பால் வருவது, அப்பா அன்றைக்கு உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

அது போகட்டும். பங்குக்காக அக்கா இந்தச் சட்டங்களைத் தேடிப் போகவே வேண்டாம். இவை பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்துக்கானவை. அந்த வீடோ அப்பா மண்டியில் மூட்டை தூக்கிச் சேர்த்த கூலியில் வாங்கியது. சுயார்ஜிதம். உயிலும் எழுதவில்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும், அப்பாவைப் பெற்றவள் அப்போது இருந்திருந்தால் அவளுக்கும், சமபங்கு. இதில் மகன் என்றும் மகள் என்றும் பேதமில்லை. குடியிருக்கும் வீட்டை ஆண்கள் பிரிக்கிறவரை பெண் பாகம் கேட்கக் கூடாது என்றிருந்த தடையும் 2005ல் நீங்கிவிட்டது. "வீடு யார் வாங்கினது?" என்று கேட்டிருந்தால் போதும். அண்ணன் அதை மட்டும் கேட்கவில்லை. அக்கா சாய்க்குக் காசு கொடுத்துவிட்டு, தனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு போனார்.

அண்ணன் முழுசாகச் சரி சொன்ன நாளும் உண்டு. பென்ஷன் வாங்கும் பெரியவர் உயிலைப் பற்றிக் கேட்டார். "முத்திரைத்தாள் வேணாங்கய்யா, வெள்ளைத்தாள் போதும். ரிஜிஸ்டர் பண்ணினா நல்லது, கட்டாயமில்ல. ரெண்டு சாட்சி மட்டும் கட்டாயம்." அத்தனையும் சரி! பெரியவர் சட்டைப் பையிலிருந்து எழுதி வைத்த தாளை எடுத்தார்.

"அப்ப ஒரு சாட்சி நீங்களே போட்டுடுங்க தம்பி."

அண்ணனிடம் பேனா இல்லை. கடைக்காரர் நீட்டினார். மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது. பெரியவர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். இன்றைக்கு அமாவாசை என்றார். காலண்டரில் இல்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஐயா, சாட்சி போட்டவன் நாளைக்குக் கோர்ட்ல வந்து, ஆமா, இவர் கையெழுத்துப் போட்டதைப் பாத்தேன்னு சொல்லணும். ஊரெல்லாம் நம்மைப் பாக்கும்..." என்று எழுந்து, பையை இடுக்கிக்கொண்டு, அசோகா ரோடு பக்கம் நடையைக் கட்டினார். அவர் வாயிலிருந்து வந்ததிலேயே அட்சரம் பிசகாத சட்டம் இதுதான்.

பெஞ்சில் உட்காராதீர்கள் என்று சொல்லமாட்டேன், பொழுது போகும். சொத்து விஷயம் என்றால் மட்டும் போனை எடுங்கள். ஊதுவத்தி அக்கா போன்ற பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தரும் சட்டம் 1987லேயே வந்துவிட்டது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் மைசூரிலும் இருக்கிறது. கூப்பிட வேண்டிய எண் 15100, கட்டணம் கிடையாது. எடுத்தவுடன், வீடு அப்பா வாங்கியதா, தாத்தா விட்டுப்போனதா என்பதை முதலில் சொல்லுங்கள்.