தூண்டில் தக்கை இலக்கணம்: மரவியல்

தக்கை என்பது யாதோ எனின், தூண்டில் முள்ளுக்கும் தூண்டில்காரன் கண்ணுக்கும் நடுவே நின்று, நீருக்குள் நடப்பதைக் கோள்சொல்லும் மரத்துண்டு என்க. மயிலிறகுத் தண்டும், சோளத்தட்டையும், அறுந்த ஹவாய் செருப்பின் ஓரமும் இவ்வேலையைச் செய்யும்தான். ஆனால் அவற்றுக்குச் செய்நேர்த்தி என்று ஒன்று கிடையாது. ஆகவே இவ்வாய்வு மரத்தோடு நிற்கிறது. செருப்புத் தக்கையர் பொறுத்தருள்க.

தேக்கில் செய்தால் என்ன என்பார் ஒரு சாரார். அவர்கள் கதவு செய்யப் போகட்டும். தக்கைக்கு உரியது கல்யாண முருங்கை. வேலியில் நிற்பது, ஒரு கிளை ஒடித்தால் யாரும் சண்டைக்கு வராதது, நிழலில் காய்ந்தபின் கையில் எடை தெரியாதது. நெட்டி இதனினும் லேசு என்று மறுப்போர் உளர். உண்மையே. ஆயினும் நகம் பட்டாலே அதில் பள்ளம் விழும். மாட்டுப் பொங்கலுக்கு மாலையாகவும், 2020இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர்க் கலைப்பொருளாகவும் அது கௌரவமாகப் பிழைத்துவருகிறது. அதைக் குளத்தில் இறக்குவானேன்? இரண்டுமே அவரைக் குடும்பம் என்பதால், இதைப் பங்காளித் தகராறாகக் கொண்டு மேலே செல்வோம்.

இனி, தலையாய சிக்கல். முதன்முதலாகத் தக்கை செதுக்குகிற எவரும் அது நன்றாக மிதக்க வேண்டும் என்று எண்ணிப் பம்பரம் போல் உருட்டிவைக்கிறார். அது மிதக்கும். மீன் புழுவைத் தின்று, முள்ளைத் துப்பி, வீடு போய்ச் சேர்ந்த பிறகும் மிதந்துகொண்டிருக்கும். மூழ்கத் தயங்குவது தக்கை ஆகாது. என்னை? கணக்கு வருமாறு: 6 கன செ.மீ. தக்கை, மரத்தின் எடை கன செ.மீ.க்கு 0.3 கிராம் என்று கொண்டால் தக்கை 1.8 கிராம். முழுக்க அமிழ்ந்தால் தண்ணீர் தாங்குவதோ 6 கிராம். மிச்சம் 4.2 கிராம். இதை முழுதும் மீன் தலையில் கட்டுவது நியாயமில்லை. நீருக்குள் 4 கிராம் இழுக்குமாறு ஈயத்தையும் முள்ளையும் புழுவையும் அமைத்துவிட்டால், மீனின் பங்கு வெறும் 0.2 கிராம்தான்.

உச்சிக் குச்சியின் பருமனும் இங்கே சேரும். 3 மி.மீ. குச்சியை 1 செ.மீ. அமிழ்த்த 0.07 கிராம் போதும். 1 செ.மீ. பருமன் என்றால் 0.79 கிராம், அதாவது பதினோரு மடங்கு. கெண்டைக்குஞ்சுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

செதுக்கியதை உப்புத்தாளால் தேய்த்து, வார்னிஷ் இரண்டு கை பூசுக. பூசாத மரம் தண்ணீர் குடித்து மத்தியானத்துக்குள் கணக்கைக் கெடுத்துவிடும். சைக்கிள் வால்டியூப்பில் கால் விரற்கடை அளவு இரு வளையம் நறுக்கி, தங்கூசியை அவற்றினூடே கோத்து, தக்கையின் இரு முனையிலும் மாட்டுக. ஆழம் மாற்ற வேண்டுமானால் முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே நகர்த்தலாம். ரப்பருக்கு இதனினும் உயர்ந்த பதவி இல்லை. பிறகு வாளித் தண்ணீரில் விட்டு, குச்சி மட்டும் வெளியே தெரியும்வரை ஈயம் சேர்க்க. ஈயத்தைப் பல்லால் கடித்து இறுக்குவது மரபு. அது நஞ்சு என்பதால் குறடு நன்று. பாலையும் நீரையும் பிரித்தறியும் எனப்பட்ட அன்னமே, இங்கிலாந்தில் ஈயக்குண்டையும் கூழாங்கல்லையும் பிரித்தறியாமல் விழுங்கிச் செத்தது. அங்கே 1987இல் சிறு ஈயக்குண்டுகளுக்குத் தடை வந்தது.

தக்கை பேசும் பாஷை தனி இயல். சுருக்கம் மட்டும் இங்கே: நடுங்கினால் சில்லறை மீன். விறுவிறுவென்று உள்ளே போனால் கெளுத்தியாக இருக்கலாம், விரலை முள்ளிடம் கவனமாகக் கொண்டுபோகவும். எழுந்து மல்லாந்து படுத்துக்கொண்டால், அடியிலிருந்து இரையோடு ஈயத்தையும் ஒரு மீன் தூக்கிவிட்டது என்று பொருள். படுத்த தக்கையைச் சும்மா என்று விடுபவர்கள் கடைக்குப் போய் மீன் வாங்குகிறார்கள். 1952இல் மண்டபம் வந்திறங்கி இன்று குளமெல்லாம் நிறைந்திருக்கும் ஜிலேபி, இவ்விலக்கணத்தில் எதற்கும் கட்டுப்படாது.

எஞ்சியது நிறம். அடியிலிருந்து பார்க்கும் மீனுக்குத் தெரிவது தக்கையின் வயிறு. எனவே வயிற்றுக்கு வண்ணம் வீண். உச்சிக்கு மட்டும் சிவப்பு, அதுவும் கரையில் இருப்பவன் கண்ணுக்காக. இதற்கு நெயில் பாலிஷே சிறந்தது: சீக்கிரம் காயும், தண்ணீருக்கு அஞ்சாது, தூரிகையும் மூடியிலேயே இருக்கிறது. அந்தக் குப்பி வீட்டில் யாருடையது என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.