எல்லாம் செட் ஆயிடும்!

தர்மபுரி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடையில் காலை ஏழு மணிக்கே அவரைப் பார்க்கலாம். சலவைச் சட்டை, பையில் இரண்டு போன், அக்குளில் ஒரு ரெக்ஸின் பை. என்ன தொழில், எந்தக் கட்சி என்று யாரும் கேட்பதில்லை. 'செட்' அண்ணன், அவ்வளவுதான். பாலக்கோட்டிலும் அரூரிலும் பென்னாகரத்திலும் இதே ஜாடையில் ஆட்கள் உண்டு.

மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்ற வண்டி கிடைக்கவில்லையா? "செட் பண்ணிடலாம் தம்பி." போர்வெல் மோட்டார் காயில் எரிந்துவிட்டதா? "நல்ல ஆளா செட் பண்றேன்." பட்டா மாறுதல் இழுக்கிறதா? "தாலுக்கா ஆபீஸ்ல நம்ம செட்டு ஒருத்தன் இருக்கான்." பையனுக்குப் பெண் பார்ப்பதும் அவரே. ஜாதகம் செட் ஆகாவிட்டால் ஜோசியரை செட் பண்ணுவார். கல்யாணத்துக்கு மைக் செட், சீரியல் செட்டும் அவர் கணக்கில்தான் வரும். மருமகள் வந்த பிறகு மாமியாருக்கும் அவளுக்கும் செட் ஆகவில்லை என்றால் மட்டும் போனை எடுக்கமாட்டார்.

1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு, இந்த 'செட்' என்ற ஒரு வினைக்கு 430 பொருள் சொன்னது. பிறகு பீட்டர் கில்லிவர் என்ற அகராதிக்காரர் ஒன்பது மாதம் உட்கார்ந்து 'ரன்' என்ற வினைக்கு 645 பொருளை எடுத்துப் போட்டு அதை முந்த வைத்தார். பாவம், அண்ணனோடு அரை நாள் டீ குடித்திருந்தால் அந்த முடிவுக்கு வந்திருக்கமாட்டார்.

அண்ணனுக்கு அடங்காதது ஒன்று உண்டு: காவிரி.

ஆடிப் பெருக்குக்குச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. "பரிசல் செட் பண்ணியாச்சு சார், மீன் வறுக்கவும் சொல்லியாச்சு" என்று ஒகேனக்கல் வரை கூட்டிப்போனார். கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். பிலிகுண்டுலுவில் நீரின் அளவு ஏற ஏற, பரிசல் ஓட்டத் தடை வந்துவிட்டது. கவிழ்த்துப் போட்ட பரிசல்களுக்குப் பக்கத்தில், தோளில் துண்டோடு குடும்பமே நின்றது.

அண்ணன் இரண்டு போனிலும் பேசிவிட்டுத் திரும்பினார். "பரிசல் ரெடி, ஓட்டுற ஆளும் ரெடி. ஆறுதான் சார் செட் ஆகல."

"சரி, நாங்க கொடுத்த அட்வான்ஸ்?"

"அது மீனுக்கு செட் ஆயிடுச்சு சார். சூடா இருக்கு, வாங்க."